ஓருறையில் இரு வாள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



ஓருறையில் இரு வாள் இருக்கலாகாது என்பது பழமொழி. சங்கத் தேர்தல் முடிந்து ஒரே நாற்காலிக்கு இருவர் உரிமை கொண்டாடும்போது, கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ஆனால் நடுக்கடலில் மிதக்கும் சின்னஞ்சிறு கருவிகளின் தலையில், அந்தப் பழமொழியைப் பொய்யாக்கும் ஏற்பாடு ஒன்று நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. இருப்பதோ ஓர் ஆண்டெனா. அதைப் பங்கு போட்டுக்கொள்வது இரண்டு கருவிகள். ஒன்று, துணைக்கோளத்துக்குச் செய்தி அனுப்பும் மோடம். மற்றொன்று, இருக்கும் இடத்தைக் கண்டறியும் ஜி.பி.எஸ். கருவி. இவை இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன, ஒத்துப்போகாவிட்டால் யாருக்கு என்ன இழப்பு என்பதே இன்றைய உரையின் பொருள்.

வீட்டுக் கூரையில் ஓர் எடுத்துக்காட்டு

பழைய தோட்ட வீடுகளின் கூரையில் மீன்முள் போன்ற ஏரியல் நிற்கும். வீட்டில் இரண்டாவது தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டால், அதற்கென்று இன்னோர் ஏரியல் நட மாட்டார்கள். கடையில் ஒரு சிறு பிரிப்பானை வாங்கி, வரும் கம்பியை இரண்டாகப் பிரித்து, வரவேற்பறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் போய்ச் சேரும் அலையின் வலிமை பாதியாகக் குறையும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

ஏன் ஒன்றும் ஆகாது? இரண்டு பெட்டிகளும் கேட்கும் வேலையை மட்டும் செய்கின்றன. ஒன்று கேட்பதால் மற்றொன்றின் காது அடைபடுவதில்லை.

அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று திடீரென்று பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? அதுதான் துணைக்கோள மோடம் வந்து சேரும்போது நடக்கும் கதை.

கிசுகிசுப்பும் தவில் ஓசையும்

ஜி.பி.எஸ். துணைக்கோளங்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரையைத் தொடும்போது, அதன் வலிமை ஒரு வாட்டை 1,000 லட்சம் கோடியால் வகுத்தும், பின்னர் இன்னும் ஒரு பத்தால் வகுத்தும் கிடைக்கும் அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும். அவ்வளவு மெல்லிய அலையைப் பிடித்துத்தான் கைத்தொலைபேசி வழி காட்டுகிறது. டாக்சி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

துணைக்கோள மோடமோ வேறு வகை. எடுத்துக்காட்டாக இரிடியம் துணைக்கோளத் தொகுதியைப் பார்க்கலாம். 66 துணைக்கோளங்கள் 780 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று பூமியை வலம் வருகின்றன. வட துருவம் முதல் தென் துருவம் வரை, கைத்தொலைபேசிக் கோபுரமே இல்லாத கடலிலும் பாலைவனத்திலும் அவற்றோடு தொடர்பு கொள்ளலாம். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் இரிடியம் 9603 மோடம் தபால் தலையைவிடச் சற்றே பெரியது. எடை 11 கிராம் சொச்சம். ஆனால் பேசும் வேளையில் அது வெளியிடும் உச்ச வலிமை 1.6 வாட்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மோடம் எழுப்பும் ஒலிக்கும் ஜி.பி.எஸ். கேட்க முயலும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றுக்குப் பின்னால் 16 சுழியம் போட்ட அளவு. தைப்பூசத்தன்று பத்துமலையில் தவிலுக்கு அருகே நின்றுகொண்டு, மலையடிவாரத்தில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க முயல்வதுகூட இதற்கு ஈடாகாது. அந்த மோடத்தையும் ஜி.பி.எஸ். கருவியையும் தொலைக்காட்சிப் பிரிப்பான் போன்ற ஒன்றால் நேரடியாக இணைத்தால், ஜி.பி.எஸ். கருவியின் முகப்பில் இருக்கும் நுண்ணிய பெருக்கி செவிடாகும்; சில வேளை கருகியும் போகலாம்.

பிறகு ஏன் ஒன்றாக வைக்கிறார்கள்?

இவ்வளவு தொல்லை இருக்கும்போது ஆளுக்கொன்றாக இரண்டு ஆண்டெனாவை வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். இடம் இருந்தால் அதுவே நல்லது. இடம் இல்லாத கருவிகளும் உண்டு.

கடல் ஆய்வுக்குப் பயன்படும் ஆர்கோ மிதவைகளை எடுத்துக்கொள்ளலாம். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் உலவுகின்றன. இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, அங்கிருந்து மேலேறும் வழியில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே வரும். மேலே வந்ததும் தன் இடத்தைக் கண்டறிந்து, அளந்ததையெல்லாம் துணைக்கோளத்துக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் மூழ்கிவிடும்.

2,000 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் தரையில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு. அந்த மிதவையின் தலையில் ஆண்டெனாவுக்காகப் போடும் ஒவ்வொரு துளையும், கடல்நீர் உள்ளே புகக் காத்திருக்கும் ஒரு வாசல். இரண்டு துளைக்குப் பதில் ஒரு துளை என்றால் ஆபத்து பாதி. நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா ஒன்றே ஒன்று என்றால் அலை மோதும் பரப்பும் குறைவு. பல மிதவைகள் ஒரே ஆண்டெனாவை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

இயற்கையும் இந்தப் பங்கீட்டுக்குக் கொஞ்சம் கை கொடுத்திருக்கிறது. ஜி.பி.எஸ். அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். இரிடியம் பயன்படுத்துவது 1616 முதல் 1626.5 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டுக்கும் இடையே சுமார் 40 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். அலைநீளமாகச் சொன்னால் ஒன்று 19 சென்டிமீட்டர், மற்றொன்று பதினெட்டரை சென்டிமீட்டர். இரண்டு அலைகளுமே ஒரே திசையில், வலப்பக்கமாகத் திருகிக்கொண்டு வருபவை. ஆகவே ஒன்றுக்காகச் செய்த ஆண்டெனாவைச் சற்று அகலப்படுத்தினால் மற்றொன்றுக்கும் பொருந்தும். பத்தாம் எண் செருப்பை ஒன்பதரை எண் காலுக்குப் போட்டு நடப்பது போல.

ஆனால் இந்த நெருக்கமே தொல்லைக்கும் காரணம். அதிர்வெண்கள் வெகுதூரம் விலகியிருந்தால் வடிகட்டி வைத்து எளிதில் பிரித்துவிடலாம். நெருங்கியிருப்பதால் வடிகட்டி மிகக் கூர்மையானதாக இருக்க வேண்டும். இன்றைய இடமறி கருவிகள் பல, அமெரிக்க ஜி.பி.எஸ். அலையோடு ரஷ்யாவின் குளோனாஸ் அலையையும் கேட்கின்றன. அது 1598 முதல் 1605 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியது. இரிடியத்துக்கும் அதற்கும் இடைவெளி பதினொரு மெகாஹெர்ட்ஸ்கூட முழுதாக இல்லை. அண்டை வீட்டுச் சுவர் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

மூன்று வழிகள்

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வழி, இரண்டு தனித்தனி ஆண்டெனா. நடுவில் இயன்ற அளவு இடைவெளி விட்டு வைப்பது. மோடம் பேசும் வேளையிலும் இடைவிடாமல் பேசுவதில்லை. ஆயிரத்தில் 90 பங்கு நொடிக்கு ஒருமுறை, ஏறத்தாழ 8 பங்கு நேரம் மட்டும் வெடித்துப் பேசி அடங்கும். நல்ல வடிகட்டி உள்ள ஜி.பி.எஸ். கருவி அந்த இடைவெளிகளில் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கப்பல், பெரிய படகு, லாரி ஆகியவற்றுக்கு இது பொருந்தும்.

இரண்டாவது வழி, ஓர் ஆண்டெனாவும் அலை பிரிக்கும் வடிகட்டியும். 1575 ஒரு பக்கம், 1616க்கு மேற்பட்டது மறுபக்கம் என்று பிரித்து அனுப்புவது. இரண்டும் ஒரே வேளையில் இயங்கலாம். ஆனால் வடிகட்டியின் கூர்மை கூடக் கூட, அதன் வழியே போகும் நல்ல அலையும் தேய்ந்துபோகும், செலவும் ஏறும்.

மூன்றாவது வழி, முறை வைத்துக்கொள்வது. ஆண்டெனாவுக்குக் கீழே ஒரு மின்னணுச் சுவிட்ச். அது ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டுமே ஆண்டெனாவோடு சேர்க்கும். ஜி.பி.எஸ். கேட்கும்போது மோடம் வாய் திறக்காது. மோடம் பேசும்போது ஜி.பி.எஸ். கருவியின் கதவு அடைத்திருக்கும். கிராமத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முறை வைத்தது போல.

இரிடியத்தின் 9602 என்ற மோடத்துக்குள்ளேயே இந்தச் சுவிட்சை வைத்திருந்தார்கள். தனக்கு ஆண்டெனா தேவைப்படாத வேளையில், அதை ஜி.பி.எஸ். கருவிக்குத் திறந்துவிடும். அடுத்து வந்த 9603 இன்னும் சிறியது. அதில் அந்த வசதி இல்லை. ஆகவே இன்று சிறு கருவி வடிவமைப்பவர்கள் சுவிட்சைத் தாங்களே வெளியில் சேர்க்கிறார்கள்.

சுவிட்ச் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. மோடத்தின் உச்ச வலிமையை அது தாங்க வேண்டும். அதன் வழியே போகும்போது அலை வீணாகும் அளவு குறைவாக இருக்க வேண்டும். அரை டெசிபல் என்பது விற்பனைத் தாளில் அற்பமாகத் தெரியும். அது போகும் அலையில் 11 விழுக்காடு.

ஆண்டெனாவிலும் ஒரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. காரில் ஒட்டுவதற்கென்று கடைகளில் விற்கும் ஜி.பி.எஸ். ஆண்டெனாக்களுக்குள் ஒரு சிறு பெருக்கி ஒளிந்திருக்கும். அதற்குரிய மின்சாரம் அலை வரும் அதே கம்பி வழியாகப் போகும். அதை மோடத்தோடு பங்கிட முயன்றால், மோடத்தின் 1.6 வாட் அந்தப் பெருக்கியின் பின்பக்கமாகப் போய் மோதும். செய்தியும் வெளியேறாது, பெருக்கியும் பிழைக்காது. பங்கு போடும் ஆண்டெனா, உள்ளே பெருக்கி இல்லாத வெறும் ஆண்டெனாவாகவே இருக்க வேண்டும். பெருக்கி தேவைப்பட்டால், சுவிட்சைத் தாண்டி ஜி.பி.எஸ். பக்கத்தில் வைக்க வேண்டும்.

கேட்ட பிறகு பேசு

முறை வைப்பது என்று முடிவானபின், யாருக்கு முதல் முறை, எவ்வளவு நேரம் என்ற கேள்வி வருகிறது. கருவியின் பயன் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

ஜி.பி.எஸ். துணைக்கோளம் ஒவ்வொன்றும் தான் இருக்கும் பாதையைப் பற்றிய விவரத்தை மிக மெதுவாக, 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் விவரம் வேண்டும். நெடுநேரம் உறங்கிவிட்டு விழித்த கருவி, அந்த விவரத்தை முதலிலிருந்து கேட்க வேண்டும். பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போது மோடம் குறுக்கே வந்து ஆண்டெனாவைப் பிடுங்கிக்கொண்டால், விட்டுப்போன பகுதி அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில நொடிக்கு ஒருமுறை இப்படி மாறி மாறிப் பிடுங்கினால், மணிக்கணக்கில் ஆனாலும் இடம் தெரியாது.

மோடத்துக்கும் குறை உண்டு. ஜி.பி.எஸ். ஆண்டெனாவை வைத்திருக்கும் நேரம் முழுவதும், வெளியிலிருந்து யாராவது அழைத்தால் மோடத்துக்குக் கேட்காது.

கடலடிக் கிளைடர்கள் இதற்கு நல்ல பாடம். ஓர் ஆளைவிடச் சற்று நீளமான, இறக்கை வைத்த குழாய் வடிவக் கருவி அது. சுழலி இல்லாமல், தன் மிதப்புத் தன்மையை மாற்றி மாற்றி மூழ்கியும் எழுந்தும் முன்னேறும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அனுப்பிய ஆர்.யூ.27 என்ற கிளைடர், 2009 ஏப்ரல் 27 அன்று நியூ ஜெர்சி கரையோரத்திலிருந்து புறப்பட்டு, 221 நாள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, டிசம்பர் 4 அன்று ஸ்பெயின் அருகே மீட்கப்பட்டது. ஸ்லோக்கம் எனப்படும் இவ்வகைக் கிளைடர்களின் வாலில், ஜி.பி.எஸ்.க்கும் இரிடியத்துக்கும் ஒரே ஆண்டெனாதான்.

உப்பு நீருக்குள் இந்த அலைகள் புகா. மூழ்கியிருக்கும்வரை கிளைடர் குருடு, ஊமை. மேலே வந்ததும் வாலை உயர்த்தி, முதலில் கேட்கும். தன் இடத்தை அறியும். பிறகு ஆண்டெனாவை மோடத்துக்கு மாற்றிக் கரையோடு பேசும். மூழ்குவதற்கு முன் மறுபடியும் ஒருமுறை இடத்தைக் கேட்டுக்கொள்ளும். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீரோட்டம் அதை எங்கே தள்ளியது என்பது அப்போது தெரியும். கேட்பது, பேசுவது, மீண்டும் கேட்பது என்ற ஒழுங்கு அந்தச் சிறு வாலுக்குள் இருக்கிறது.

இடம் சொல்லாத செய்தி

இந்த ஒழுங்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதை மலேசியர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2014 மார்ச் 8 அதிகாலையில் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட எம்.எச்.370 விமானத்தில் 239 பேர் இருந்தனர். ரேடாரிலிருந்து மறைந்த பின்னரும், அதிலிருந்த துணைக்கோளத் தொடர்புக் கருவி காலை 8.19 வரை துணைக்கோளத்தோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தது. 'இருக்கிறேன்' என்று அது சொல்லிற்று. எங்கே என்று சொல்லும்படி அந்தக் கைகுலுக்கல் அமைக்கப்பட்டிருக்கவில்லை. அலை போய்வர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, விமானம் இந்த வளைகோட்டில் எங்கோ இருந்திருக்கலாம் என்று மட்டுமே வல்லுநர்களால் சொல்ல முடிந்தது. தென் இந்தியப் பெருங்கடலில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடியும் விமானம் கிடைக்காமல், 2017 ஜனவரியில் அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது.

அங்கே நேர்ந்தது ஆண்டெனாப் பங்கீட்டுக் கோளாறு அல்ல. ஆனால் இடம் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான் என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது. பெரிய பயணிகள் விமானங்கள் கடலுக்கு மேல் செல்லும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அவற்றின் இருப்பிடம் தெரிய வேண்டும் என்ற அனைத்துலக விதி 2018 நவம்பரில் நடப்புக்கு வந்தது.

பழைய இடத்துக்கும் வயது உண்டு

இடம் சொன்னால் மட்டும் போதுமா? எப்போது இருந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு படகின் இயந்திரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டம் மணிக்கு 2 கடல் மைல். அதன் தடமறி கருவியால் புதிதாக இடம் பிடிக்க முடியவில்லை; மூன்று மணி நேரத்துக்கு முந்தைய இடத்தையே, இப்போதைய இடம்போல அனுப்பிவிடுகிறது. மீட்புக் குழு போய்ச் சேரும் இடத்துக்கும் படகு இருக்கும் இடத்துக்கும் 6 கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர். எந்தத் திசை என்று தெரியாமல் அந்த வட்டம் முழுவதையும் தேடுவதென்றால் ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவின் பரப்பையும் மிஞ்சிய அளவு.

இதே செய்தியில் 'இது மூன்று மணி நேரத்துக்கு முந்தைய இடம்' என்ற ஒரு வரி இருந்தால், நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து மீட்புக் குழு தேடத் தொடங்கும். இரிடியம் 9603 மோடம் 340 எழுத்துவரை ஒரே செய்தியில் அனுப்ப வல்லது. அந்த ஒரு வரிக்கு அதில் தாராளமாக இடமுண்டு.

ஆகவே முறை வைத்துக்கொள்ளும் கருவியைச் செய்பவர்கள் நான்கு கட்டுப்பாடுகளை மறக்கக் கூடாது.

ஒன்று, ஜி.பி.எஸ்.க்கு முதல் முறை. அதன் முறையை நடுவில் பிடுங்கக் கூடாது.

இரண்டு, அந்த முறைக்கு ஒரு வரம்பு வேண்டும். சில நிமிடத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால், கடைசியாகத் தெரிந்த இடத்தையும் அதன் நேரத்தையும் எழுதி, ஆண்டெனாவை மோடத்துக்கு விட்டுவிட வேண்டும். இடத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து மின்கலம் தீர்ந்து, ஒரு செய்தியும் போகாமல் முடிவதைவிட இது மேல்.

மூன்று, ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் ஒழுங்கு மாறலாம். முதலில் தெரிந்ததை உடனே அனுப்பிவிட்டு, பிறகு புதிய இடத்தைத் தேடி அடுத்த செய்தியில் சொல்லலாம். உயிருக்குப் போராடுபவருக்கு இரண்டு செய்தியின் கட்டணம் பெரிதல்ல.

நான்கு, கருவியின் மூளை செயலிழந்து நின்றுவிட்டாலும், சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். காவல் சுற்று ஒன்று கருவியைத் தானாக மறுதொடக்கம் செய்ய வேண்டும். நடுவில் நின்றுபோன சுவிட்ச் இருவருக்கும் பயன்படாது.

இவை அனைத்தும் திறந்த வானத்தின் கீழ்தான் பலிக்கும். மழை இந்த அலைகளை அதிகம் பாதிப்பதில்லை. அடைமழையில் தொலைக்காட்சித் தட்டின் படம் போவது அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணால். ஆனால் தாமான் நெகாரா போன்ற அடர்காட்டின் ஈர இலைக்கூரை இரண்டு அலைகளையும் நலிவாக்கும். வெட்டவெளிக்கோ ஆற்றங்கரைக்கோ வந்து, ஆண்டெனாவின் முகம் வானத்தைப் பார்க்கும்படி சில நிமிடம் அசையாமல் வைப்பது, எந்த விலையுயர்ந்த கருவியாலும் ஈடுசெய்ய முடியாத உதவி.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

படகுக்கோ மலையேற்றத்துக்கோ துணைக்கோளத் தடமறி கருவி வாங்குபவர்கள், வடிவமைப்பை ஆராய வேண்டியதில்லை. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'இடம் கிடைக்காதபோது இது என்ன அனுப்பும்?' பழைய இடத்தை அதன் நேரத்தோடு அனுப்பும் என்றால் நல்ல கருவி. ஒன்றும் அனுப்பாது என்றாலோ, பழைய இடத்தைப் புதியதுபோல் காட்டும் என்றாலோ, அதை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது. வாங்கிய பிறகும், கரையில் இருக்கும்போதே ஒரு செய்தி அனுப்பி, வந்து சேர்ந்த இடமும் நேரமும் சரியா என்று வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓருறையில் இரு வாள் இருக்கலாம். ஒன்று வெளியே வரும்போது மற்றது காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் கேட்டு, தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு பேசுவது கருவிக்குப் போட்ட விதி. கருத்தரங்கு மேடைக்கும் அது பொருந்தாமல் இல்லை.